குறட்டைக்குச் சொந்தக்காரர்

நுரையீரல் டாக்டர் மேடையேறி ஊரைச் சிரிக்கவைக்க ஆரம்பித்தது ஒரு புரொஜெக்டரின் புண்ணியத்தில்தான்.

ஒரு சிமெண்ட் ஆலையில், மதியச் சாப்பாடு முடிந்த கையோடு, தூசியும் நுரையீரலும் பற்றிப் பேச அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். படங்கள் ஓட ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் புரொஜெக்டர் கண்ணை மூடிவிட்டது. அரங்கம் அதற்கு முன்பே கண்ணை மூடியிருந்தது. இருட்டில் நின்ற டாக்டரின் காதில் விதவிதமான குறட்டைகள் விழுந்தன. ஒருவர் பால் பொங்குவதுபோல, ஒருவர் எண்ணெய் காணாத கதவுபோல. முன்வரிசையில் ஆலை மேலாளர், கிளம்ப மறுக்கும் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே இருப்பதுபோல. டாக்டருக்கு என்ன தோன்றியதோ, மைக்கை வாயருகே கொண்டுபோய் ஒவ்வொன்றையும் அப்படியே செய்து காட்டினார். ஸ்கூட்டர் வந்தபோது ஆலையே எழுந்து உட்கார்ந்து சிரித்தது. மேலாளரும் சிரித்தார், எதற்கென்று தெரியாமல். எல்லோரும் விழித்திருந்த அந்தச் சமயத்தைப் பிடித்துக்கொண்டு, தூசி நெஞ்சுக்குள் போனால் என்ன ஆகும், முகக்கவசம் எதற்கு என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டு இறங்கினார். அடுத்த முறை போனபோது பலர் கவசத்தோடு வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் அதை நெற்றியில் மாட்டியிருந்தார். அவரையும் டாக்டர் நிகழ்ச்சியில் சேர்த்துக்கொண்டார்.

அப்புறம் நிற்க நேரமில்லை. பள்ளிக்கூடம், தபால் அலுவலகம், வியாபாரிகள் சங்கம் என்று ஆள் மாற்றி ஆள் கூப்பிட்டார்கள். இன்ஹேலரை சென்ட் பாட்டில்போலச் சட்டையில் அடித்துக்கொண்டு "மருந்து கேக்கவே இல்ல டாக்டர்" என்று வந்தவர், குடும்பத்தின் நலன் கருதி ஜன்னலுக்கு வெளியே தலையை மட்டும் நீட்டி சிகரெட் பிடிப்பவர், எப்போதிலிருந்து இருமல் என்று கேட்டால் "இப்பதான், போன வருஷத்துல இருந்து" என்பவர், எல்லோரும் பெயரில்லாமல் மேடைக்கு வந்துபோனார்கள். ஜனங்கள் தங்களைத் தாங்களே பார்த்துச் சிரித்துவிட்டு, மறுவாரம் சத்தமில்லாமல் ஆஸ்பத்திரி வரிசையில் வந்து நின்றார்கள். 'சிரிப்பு டாக்டர்' என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது.

இது சுத்தமாகப் பிடிக்காத ஆள் ஒருவர் இருந்தார். டாக்டரின் சொந்த அண்ணன்.

அவர் நகரப் பேருந்து ஓட்டுநர். தங்கை டாக்டருக்குப் படித்து முடித்த அன்று, ஏறிய பயணிகள் அத்தனை பேரிடமும் அதைச் சொல்லிச் சொல்லியே வண்டியைத் தாமதமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தவர். நரை விழுந்த பிறகும் தங்கையை 'பாப்பா' என்றுதான் கூப்பிடுவார், நோயாளிகள் சுற்றி நின்றாலும். அப்படிப்பட்டவருக்குத் தங்கை மேடையில் நின்று இருமிக் காட்டுவதும் மூக்கு உறிஞ்சிக் காட்டுவதும் பெரிய தலைகுனிவாக இருந்தது.

"டாக்டர்னா கழுத்துல அந்தக் குழாயப் போட்டுக்கிட்டு, கொஞ்சம் மொறச்ச மாதிரி இருக்கணும் பாப்பா. அப்பதான் வியாதி பயப்படும்" என்பார். ஒரு நிகழ்ச்சிக்கும் அவர் வந்ததில்லை.

ஒருநாள் புறநோயாளிகள் பிரிவில் டோக்கன் வாங்கிக்கொண்டு, வரிசையில் நின்று, நோயாளி நாற்காலியில் வந்து உட்கார்ந்தார் அண்ணி. தையல்கடை வைத்திருப்பவர். வேலைநேரத்தில் கடையை விட்டு நகராதவர். டாக்டர் பதறிப்போய் என்ன பண்ணுது என்று கேட்டார்.

"எனக்கு ஒண்ணும் பண்ணல. வியாதி உங்க அண்ணனுக்கு, தூக்கம் போறது எனக்கு" என்றார் அண்ணி. தூக்கக் கலக்கத்தில் ஒரு வாடிக்கையாளர் சட்டைக்கு இரண்டு பக்கமும் இடது கையையே வைத்துத் தைத்துவிட்டாராம். அந்த மனிதர் அதைப் போட்டுக்கொண்டு வந்து கடை வாசலில் நின்ற கோலத்தை அண்ணி நடித்துக் காட்டியபோது டாக்டர் சிரித்துவிட்டார். அண்ணி சிரிக்கவில்லை. குறட்டைச் சத்தத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அது நடுவில் நின்றுபோவதைத்தான் தாங்க முடியவில்லை என்றார். மூச்சே இல்லாமல் கிடப்பாராம். அண்ணி எழுந்து உட்கார்ந்து அவர் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருப்பாராம். அப்புறம் தண்ணீரில் முங்கியவர் மேலே வருவதுபோல ஒரு பெரிய மூச்சு. பகலில் என்னவென்றால், முடிவெட்டும் நாற்காலியில், முகத்தில் நுரையோடு தூங்குகிறார். சிக்னலில் பச்சை விழுந்தும் வண்டி நகரவில்லை என்று கண்டக்டர் ஓடிவந்து தோளைத் தட்டியிருக்கிறார். "கண்ண மூடி யோசிச்சுக்கிட்டு இருந்தேன்" என்று பதில் வந்ததாம்.

டாக்டருக்கு இது புதிதில்லை. தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் என்று அவருக்கு எப்போதோ சந்தேகம். ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி படுத்தால் சோதித்துவிடலாம் என்று அண்ணனைப் பார்க்கும்போதெல்லாம் சொல்லியிருக்கிறார். அண்ணனிடம் ஒரே பதில்தான்: "நான் எங்க கொறட்ட விடுறேன்? ஒருநாள் முழிச்சிருந்தே பாத்துட்டேன், ஒரு சத்தமும் வரல."

அண்ணி தன் கைபேசியை எடுத்து டாக்டரின் காதில் வைத்தார். முந்தைய வாரம் பதிவு செய்தது. குறட்டை, அமைதி, பெரிய மூச்சு, அதற்கப்புறம் தூக்கத்திலேயே அண்ணன் பேசிய ஒரு வாசகம். அதைக் கேட்டு இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் நர்ஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

பேருந்துப் பணிமனையில் பாதுகாப்பு வார நிகழ்ச்சிக்கு டாக்டரைப் பேச அழைத்திருந்தார்கள். அது அண்ணிக்குத் தெரியும். "அங்க இதப் போடு. யாருதுன்னு சொல்லாத. அவரே காதால கேக்கட்டும்" என்றார். ஒருவரைக் கேட்காமல் அவர் சமாச்சாரத்தை மேடையில் போடுவது தப்பு என்று டாக்டருக்குத் தெரியும். இரண்டு நாள் யோசித்தார். குறட்டையில் பெயரா எழுதியிருக்கிறது, தன் குறட்டையை யாருக்கு அடையாளம் தெரியும் என்று உள்ளே இருந்த குறும்புக்காரி விடாமல் நச்சரித்தாள். கடைசியில் அவள்தான் ஜெயித்தாள். அந்தத் தூக்கப் பேச்சை மட்டும் வெட்டியெறிந்துவிட்டு, மீதியைத் தன் கைபேசியில் வைத்துக்கொண்டார்.

பணிமனையில் பேருந்துகளை ஓரங்கட்டிவிட்டு, டயர் வாசனைக்கு நடுவே பெஞ்சுகளைப் போட்டிருந்தார்கள். டாக்டரின் அண்ணன் என்பதால் பணிமனை மேலாளர் அவரைப் பிடித்து இழுத்து முன்வரிசையில் தன் பக்கத்தில் உட்காரவைத்தார். இன்னொரு பக்கம் அண்ணி, கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு, வண்டியை மறித்து நிற்கும் மாட்டைப் பார்ப்பதுபோல மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் ஓட்டுநர்களைக் கொஞ்சம் சீண்டினார், கண்டக்டர்களைக் கொஞ்சம் சீண்டினார். பிறகு, இப்போது ஒரு சங்கீதம் கேட்கலாம் என்று ஒலிபெருக்கிக்காரரைப் பார்த்துத் தலையசைத்தார்.

குறட்டை பணிமனையின் தகரக் கூரையை அதிரவைத்தது. பெஞ்சு பெஞ்சாகச் சிரிப்பு பரவியது. அண்ணன் முதலில் உதட்டைக் கடித்துப் பார்த்தார். முடியவில்லை. கட்டிய கை அவிழ்ந்தது, வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "யாருய்யா இவன், லோடு லாரிய மேட்டுல ஏத்துறான்" என்று மேலாளரின் தொடையில் தட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பின்வரிசைக்கும் கேட்கிற மாதிரி, "பாவம்யா இவன் பொண்டாட்டி" என்றார். அண்ணி நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒன்றுமே இல்லை.

அப்போது குறட்டை நின்றது.

டாக்டர் கையை உயர்த்திச் சிரிப்பை அடக்கினார். ஒலிபெருக்கியில் வெறும் அமைதி. அது நீண்டுகொண்டே போனது. எங்கோ யாரோ செருப்பை நகர்த்தியதுகூடக் கேட்டது. "இப்ப இந்த ஆளுக்கு மூச்சு இல்ல. பொழுது விடியறதுக்குள்ள இந்த மாதிரி எத்தனையோ தடவ ஆகும். காலையில எந்திரிச்சு இவரு வேலைக்குப் போவாரு. வண்டி ஓட்டற வேலைன்னு வெச்சுக்குங்க" என்றார் டாக்டர். யாரும் சிரிக்கவில்லை. பிறகு அந்தப் பெரிய மூச்சு வந்தது. கூட்டமும் அதோடு சேர்ந்து மூச்சு விட்டது.

பதிவு அங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. ஒலிபெருக்கியிலிருந்து, தூக்கம் நிறைந்த கனத்த குரலில், தெளிவாக வந்தது: "பின்னாடி வண்டி காலியா வருது... அதுல வாங்க."

அந்த ஊரில் அந்தக் குரலையும் அந்த வாசகத்தையும் தெரியாதவர் கிடையாது. படிக்கட்டில் தொங்கும் கூட்டத்திடம் அண்ணன் காலங்காலமாகச் சொல்லிவரும் பொய் அது. பின்னாடி வண்டி ஒருநாளும் காலியாக வந்ததில்லை. ஒரு கணம் பணிமனை வாயைப் பிளந்தது. அப்புறம் கூரை பிய்ந்துகொண்டு போகிற மாதிரி ஒரு சிரிப்பு. அண்ணனுடைய கண்டக்டர் பெஞ்சிலிருந்து கீழே விழுந்தார், எழுந்திருக்க முயற்சி செய்யாமல் அங்கேயே கிடந்து சிரித்தார். அண்ணன் மற்றவர்களோடு சேர்ந்து இன்னும் கொஞ்சம் சிரித்தார். பிறகுதான் சிரிப்பு முகத்தில் அப்படியே உறைந்தது.

டாக்டர் ஒலிபெருக்கிக்காரரைப் பார்த்தார். அவர் மேசைமேல் இருந்த கைபேசியைக் காட்டினார். அது டாக்டருடையது அல்ல. கைபேசி உறையில் ஊசி குத்திவைக்கிற ஆள் இந்தக் குடும்பத்தில் ஒருவர்தான். முன்வரிசையில் அந்த ஒருவர் தன் கைப்பைக்குள் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை மேலாளர் சிரிக்கவில்லை. சோதனை செய்து டாக்டர் சான்று கொண்டுவரும்வரை ஸ்டீயரிங்கைத் தொட வேண்டாம் என்று அண்ணனைப் பட்டறைப் பக்கம் அனுப்பிவிட்டார். அங்கே வண்டி கழுவுகிறவர்கள்கூட அவரைப் பார்த்ததும் "பின்னாடி வண்டி வருது, வழி விடுங்க" என்றார்கள். மற்ற ஓட்டுநர்கள் ஒவ்வொருவராக, வேறு எதற்கோ வந்ததுபோல ஆஸ்பத்திரிக்கு வந்து, "எங்க வீட்டுலயும் கொஞ்சம் சத்தம்னு சொல்றாங்க" என்று டாக்டரிடம் தலையைச் சொறிந்தார்கள். அண்ணன் மட்டும் வரவில்லை. டாக்டர் போன் செய்தபோது எடுத்து, "சொல்லுங்க டாக்டரம்மா" என்றார். அந்த மரியாதை டாக்டருக்குச் சுருக்கென்று தைத்தது.

அன்று சாயங்காலமே அண்ணன் வீட்டுக்குப் போனார். அண்ணன் தொலைக்காட்சியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பக்கத்து அறையில் அண்ணியின் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"தப்பு என்னோடதுதான் அண்ணா. உன்னக் கேக்காம மேடையில போட்டிருக்கக் கூடாது" என்றார் டாக்டர்.

மெஷின் சட்டென்று நின்றது. கொஞ்சம் காத்திருந்துவிட்டு, முன்னைவிட வேகமாக ஓட ஆரம்பித்தது.

அண்ணன் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். பேச ஆரம்பித்தபோது எல்லாம் சேர்ந்து வந்தது. வண்டியைப் பிடுங்கிவிட்டார்கள், கழுவுகிற பையன்கள் கிண்டல் செய்கிறார்கள், தன் குறட்டைக்குத் தானே சிரித்த முட்டாள் என்று ஊர் பேசுகிறது. அதைச் சொல்லும்போது அவருக்கே உதடு துடித்தது, கோபத்திலா வேறெதிலா என்று தெரியவில்லை. டாக்டர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். கடைசியில் அண்ணன் தொலைக்காட்சியை அணைத்தார்.

"டெஸ்டுக்கு வரேன். ஆனா உன்னோட அடுத்த நிகழ்ச்சியில எனக்கு மைக் வேணும். நான் பேசி முடிக்கிற வரைக்கும் நீ வாயத் தொறக்கக் கூடாது."

என்ன பேசப் போகிறாய் என்று டாக்டர் கேட்டார். அதை அங்கே வந்து தெரிந்துகொள் என்றார் அண்ணன். வேறு வழியில்லை. டாக்டர் ஒப்புக்கொண்டார்.

வாசல்வரை வழியனுப்ப வந்த அண்ணியிடம், இப்படிச் செய்துவிட்டீர்களே என்று டாக்டர் மெதுவாகக் கேட்டார். அண்ணி வாயிலிருந்த நூலைக் கடித்துத் துப்பினார். "நான் பேரே சொல்லலையே. அவராத்தான் சொன்னாரு."

அடுத்த நிகழ்ச்சி வியாபாரிகள் சங்கக் கட்டடத்தில். அன்று அங்கே நிற்க இடமில்லை. பணிமனைக் கதை பேருந்தை விட வேகமாக ஊரைச் சுற்றி வந்திருந்தது. அண்ணன் இஸ்திரி போட்ட சீருடையில் வந்தார். மைக்கை வாங்கினார். வாங்கிக்கொண்டு, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, பின்திரையைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். ஆயுள் முழுக்க முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களிடமே பேசிப் பழகியவர். அவருக்கு அதில் எந்தத் தவறும் தெரியவில்லை. கூட்டம் சிரித்ததும், தன் பேச்சு எடுபட்டுவிட்டது என்று உற்சாகமாகிவிட்டார். யாரோ ஓடிப்போய்த் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார்கள்.

"என் தங்கச்சி வாராவாரம் உங்ககிட்ட என்ன சொல்றா? பயப்படாம டாக்டரப் போய்ப் பாருங்கன்னு சொல்றா. இல்லையா?"

கூட்டம் ஆமாம் என்றது. மேடை ஓரத்து நாற்காலியில் இருந்த டாக்டர் கைப்பையை மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரி வேலை போகத் தங்கை தனியாக வைத்திருக்கும் கிளினிக் எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்று அண்ணன் கேட்டார். எல்லோருக்கும் தெரியும், கடைத்தெருவில் மாடிக் கட்டடம். கீழ்த்தளத்தில் யார் இருக்கிறார்? பல் டாக்டர். மாடிக்குப் போக நல்ல அகலமான படி எங்கே இருக்கிறது? பல் டாக்டர் வாசலை ஒட்டி. இவ்வளவையும் கூட்டத்தின் வாயாலேயே சொல்லவைத்துவிட்டு, அண்ணன் குரலைத் தாழ்த்தினார். தன் வண்டி தினமும் அந்தக் கட்டடத்துக்குப் பின்பக்கமாகத்தான் திரும்பும் என்றார். அங்கே ஒரு இரும்பு ஏணிப்படி இருக்கிறது. துருப்பிடித்தது. பூனைகூட யோசித்துத்தான் ஏறும்.

"அதுல ஒரு பெரிய டாக்டர், கைப்பைய வாயில கவ்விக்கிட்டு தினமும் ஏறுறாங்க. வாயில கவ்வுறதும் வலது பக்கமா மட்டும். எடது பக்கம் கடவாய்ப் பல்லு போன வருஷமே சொத்தையாப் போச்சு. கைப்பையத் தொறந்து பாருங்க, கிராம்பு டப்பா இருக்கும்."

சிரிப்பில் ஜன்னல்கள் நடுங்கின. டாக்டரின் கை அவரைக் கேட்காமலே இடது கன்னத்துக்குப் போயிருந்தது. அதைப் பார்த்து இன்னொரு தடவை சிரித்தார்கள்.

நடுவரிசையில் ஒருவர் எழுந்து நின்றார். பல் டாக்டரேதான். உயரமான, கூச்ச சுபாவமுள்ள மனிதர். "நான் என் காரை அவங்க வண்டிக்குக் குறுக்க நிறுத்தினதுக்குக் கோவம்னுதான் நெனச்சேன். மன்னிப்புக் கேக்கணும்னு ஒரு வருஷமா வாசல்லயே நின்னு பாக்குறேன், ஆளக் காணோம்" என்றார். சொல்லும்போது அவருக்கே கண் கலங்கிவிட்டது, சிரித்துத்தான்.

டாக்டர் எழுந்து ஏதோ சொல்லப் பார்த்தார். அண்ணன் விரலை நீட்டினார். "என் முன்னாடி வாயத் தொறக்கக் கூடாது. அதோ, அவரு முன்னாடிதான் தொறக்கணும்."

அந்தக் கைதட்டலைப்போல ஒன்று தனக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை என்று டாக்டர் பிற்பாடு பலரிடம் சொல்லியிருக்கிறார், கொஞ்சம் பொறாமையோடு.

சொன்னபடி அண்ணன் மறுநாளே ஆஸ்பத்திரியில் வந்து படுத்தார். தலையிலும் நெஞ்சிலும் ஒயர்களை ஒட்டியபோது, தூங்கும்போது பேசுவதும் இதில் விழுமா என்று நர்ஸிடம் ரகசியமாக விசாரித்தார். காலையில் டாக்டர் அவரைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்து, வரைகோடுகளைக் காட்டினார். மேலும் கீழும் அலையாக ஓடிய கோடு ஒரு இடத்தில் தட்டையாகிக் கிடந்தது.

"இது என்ன பாப்பா?"

"நீ மூச்சு விடல அண்ணா."

அண்ணன் அந்தத் தட்டைக் கோட்டின் மேல் விரலை வைத்து, அலை மறுபடி தொடங்கும் இடம்வரை இழுத்துப் பார்த்தார். இன்னொன்று வந்தது. அதற்கப்புறம் இன்னொன்று. அவர் கண்டக்டரைப் பற்றிப் பேசினார், சிக்னலில் அன்று தோளைத் தட்டியது பற்றி. அன்று பஸ்ஸில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருந்தார்கள் என்றார். டாக்டர் கையில் எத்தனையோ ஜோக்குகள் இருந்தன. ஒன்றையும் எடுக்கவில்லை. அண்ணன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டார்.

தூங்கும்போது மூக்கில் மாட்டிக்கொள்ள, காற்றைத் தள்ளிவிடும் ஒரு சின்ன இயந்திரம் கொடுத்தார்கள். முதல் வாரம் அதைப் பாதித் தூக்கத்தில் கழற்றி எறிந்தார். அப்புறம், பார்க்க விமான ஓட்டி மாதிரி இருக்கிறது என்று அண்ணி சொன்னதிலிருந்து கண்ணாடியில் ஒருமுறை பார்த்துக்கொண்டுதான் படுத்தார். முகத்தில் வெளிச்சம் வந்தது. முடிவெட்டும் நாற்காலியில் விழித்தபடி உட்கார்ந்து ஊர்வம்பு பேசினார். வேறொரு டாக்டர் பார்த்துச் சான்று கொடுத்த பிறகு மேலாளர் வண்டியைத் திருப்பிக் கொடுத்தார்.

வண்டி கைக்கு வந்ததும் அண்ணன் செய்த முதல் வேலை, ஒருநாள் விடுப்பு எடுத்ததுதான். அந்த இரும்பு ஏணிப்படியின் அடியில் போய் நின்றுகொண்டார். முன்வாசலில் அண்ணியை நிறுத்தியிருந்தார். காலையில் வந்த டாக்டர் பின்பக்கம் போனார், அண்ணனைப் பார்த்தார், முன்பக்கம் வந்தார், அண்ணியைப் பார்த்தார். அவசரமாக ஒரு நோயாளி காத்திருக்கிறார் என்றார். அந்த நோயாளி நீதான் என்று அண்ணி அவர் முழங்கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்.

சாய்வு நாற்காலியில் படுத்து, தலைக்குமேல் விளக்கு எரிந்ததும், டாக்டர் இரண்டு கைப்பிடிகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஊசி போட்டது தெரியவே இல்லை. கன்னத்துக்குள் பஞ்சு உருண்டைகளை வைத்தார்கள், எச்சில் உறிஞ்சும் குழாயைத் தொங்கவிட்டார்கள். பல் டாக்டர் முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு, தொண்டையைக் கனைத்தார்.

"உங்க நிகழ்ச்சி ஒண்ணு விடாம பாத்திருக்கேன். எனக்கும் மேடையேறணும்னு ரொம்ப நாளா ஆச. கொஞ்சம் ஜோக்கு எழுதி வெச்சிருக்கேன், கேட்டுட்டுச் சொல்றீங்களா?"

டாக்டர் கண்ணை அகல விரித்தார். அதைச் சம்மதம் என்று பல் டாக்டர் எடுத்துக்கொண்டார். முதல் ஜோக்கு ஒரு பல்லும் நாக்கும் கல்யாணம் செய்துகொள்வது பற்றியது. நீளமானது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அண்ணனுக்கும் அண்ணிக்கும் உள்ளேயிருந்து ஒரே ஒரு ஆள் சிரிப்பது கேட்டது, ஆண் குரலில்.

"எப்படி?" என்று கேட்டார் பல் டாக்டர்.

"ஆ" என்றார் டாக்டர்.

பல் டாக்டரின் கண்கள் மலர்ந்தன. "அப்ப ரெண்டாவது இன்னும் புடிக்கும்" என்று ஸ்டூலைப் பக்கத்தில் இழுத்துப்போட்டார்.